மேயப் போன போன்

அவள் வேலை செய்வது கண்ணாடிக் கடையின் பின்னறையில். ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துவாள். நாள் முழுக்கக் கண்ணுக்கு வேலை. அதனால் நெட் வேண்டாம் என்று, பேசுவதற்கு மட்டும் போனை ரீசார்ஜ் செய்துகொண்டாள். மெசேஜ் எல்லாம் வீட்டு வைஃபையில் வந்தால் போதும்.

அவளுக்கு வரும் மெசேஜ் சாயங்காலம் வரை காத்துக் கிடப்பதில் அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் இருக்கும் வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தினமும் மூன்று மணிக்குக் கடைக்கு வந்து அவள் போனை வாங்கிக்கொண்டு போவார். வீட்டில் அரைமணி நேரம் வைத்திருந்து, வர வேண்டியது வந்து போக வேண்டியது போனதும் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார்.

"போன் எங்கேம்மா?" என்று முதலாளியம்மா கேட்டால், "மேயப் போயிருக்கு" என்பாள்.

அன்று காலை கிளம்பும்போது அக்காவின் மெசேஜ் வந்திருந்தது. அக்கா கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். 'ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பா இனிமே என்கூடத்தான் இருப்பார்.' அவ்வளவுதான். கேட்கவில்லை, சொல்லிவிட்டாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு இவள் பதில் தட்டினாள். 'உன் பிள்ளையைப் பாத்துக்க ஆள் வேணும்னு நேரா சொல்லேன். பாசமாம், பாசம்!'

நெட் இல்லாததால் பக்கத்தில் குட்டிக் கடிகாரம் ஒன்று வந்து நின்றது. சொல்லியும் ஆயிற்று, போகவும் இல்லை. அது ஒரு ஆறுதல். கோபம் ஆறியதும் அழித்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவசர வேலை வரிசையாக வந்தது. மூன்று மணிக்கு அப்பா கை நீட்டினார், கொடுத்துவிட்டாள்.

அவர் போய் ஐந்து நிமிடம் இருக்கும். கடை போன் அடித்தது. அக்கா.

"உன் போனை ஏன்டி எடுக்க மாட்டேங்குற?"

"அப்பாகிட்ட இருக்கு. வேலை நேரம்னு சத்தத்தை அணைச்சு வெச்சிருந்தேன்."

"காலையில எழுதினதை மனசுல வெச்சுக்காதடி. அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னு நீ சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. பயத்துல அதிகாரமா எழுதிட்டேன்."

அப்பா வீட்டுக்குள் நுழைந்ததுமே மதியம் தட்டியது அக்காவுக்குப் போய்விடும். பேச்சை முடித்துவிட்டு அப்பாவின் பட்டன் போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும் அடித்தாள். பிறகுதான் உறைத்தது. கடை நம்பரைப் பார்த்தால் அப்பா எடுக்கவே மாட்டார். மிஸ்டு கால் காலத்துப் பழக்கம். ஒரு தடவை அடித்தால் 'கிளம்பிட்டேன்', இரண்டு தடவை என்றால் 'சீக்கிரம்'. அவள் ஆறு தடவை அடித்திருந்தாள்.

"இதோ வந்துடுறேன்மா" என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

அப்பா கூடத்து நாற்காலியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது.

"அவ்வளவு அவசரமாம்மா? ஓட்டமா வந்துட்டேன். எல்லாம் போயிடுச்சு."

போயிருந்தது. கடிகாரம் இருந்த இடத்தில் இரண்டு நீல டிக். அவள் தண்ணீர் கொடுத்து அவர் முதுகைத் தடவினாள். விலா எலும்புகள் ஏறி இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. அக்கா அங்கிருந்தே இதற்குப் பயந்திருக்கிறாள். பக்கத்திலேயே இருந்துகொண்டு இவள் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தது. 'பிள்ளையைப் பாத்துக்கவும்தான். இல்லைன்னு சொல்லல. ரெண்டுக்கும்தான் அப்பா வேணும்.'

அவள் அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "தப்புதான்க்கா."

"விடுடி."



"சண்டை என்னைப் பத்தியா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா" என்றன இரண்டு குரல்களும்.

"என்னை யாரும் கேக்கலையே?"

"இப்பக் கேக்குறேன்" என்றாள் அக்கா. "யார் வீட்டுல இருக்கீங்க?"

அப்பா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "ஞாயித்துக்கிழமை வா. உன்கூட வந்து டாக்டரைப் பாக்குறேன். பேரனோட ஒரு மாசம் இருக்கேன். அப்புறம் இங்க வந்துடுவேன். இவளைத் தனியா விட்டா ரொட்டியைக் கடிச்சிட்டுப் படுத்துடுவா."

"நான் ஒண்ணும் குழந்தை இல்லப்பா."

"குழந்தைன்னா ஊட்டியாவது விடலாமே!"

அக்கா சிரித்தது ஸ்பீக்கரில் கரகரத்தது. இவள் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"ஒரு மாசம்தான்க்கா. ஒரு நாள் கூடுதலா வெச்சுக்கிட்டாலும் நானே வந்து இழுத்துட்டு வருவேன்."