நாற்பத்தொரு சதவீதம்

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது என் காரில் நாற்பத்தொரு சதவீதம் சார்ஜ் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நாற்பத்தொன்றுதான் காரணம். அதற்குக் காரணம் நான்.

என் மனைவிக்குப் பொருந்துகிற கிட்னி ஒன்று வந்திருக்கிறது, மதியம் இரண்டு மணிக்குள் வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார் போனில் பேசிய பெண். வழியில் எதுவும் சாப்பிடக் கூடாது. இரண்டைத் தாண்டினால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அந்த வரிசையில் நாங்கள் நிற்க ஆரம்பித்து மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மருத்துவமனை முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி.

நாங்கள் தயாராக இருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் டெப்போவில் நேர அட்டவணை போடுவது என் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று எழுதித்தான் இருபது வருடமாகப் பிழைக்கிறேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி ரெடியாக இருந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் தேதிவாரியாக ஒரே ஃபைலில். அவள் போனில் சார்ஜ் குறைய விட்டதே இல்லை. கிளம்பும்போது செய்ய வேண்டியதையெல்லாம் பதினோரு வரியாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். அந்தப் பதினோரு வரியில் கார் இல்லை.

கார் எலக்ட்ரிக் கார். எண்பது சதவீதத்துக்கு மேல் தினமும் சார்ஜ் ஏற்றினால் பேட்டரியின் ஆயுசு குறையும் என்று கையேட்டில் போட்டிருந்தான். நான் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை எண்பது ஏற்றினால் அடுத்த ஞாயிறு வரை தாராளமாக வரும். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வர இருபத்தெட்டு இருபத்தெட்டு கிலோமீட்டர், அதற்கு மேல் டெப்போ, கடை, அவ்வளவுதான் எங்கள் ஓட்டம். ஒரு நாள்கூட வண்டி காலை வாரியதில்லை. ஆனால் சனிக்கிழமை காலை என்றால் நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். கிட்னி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வரும் என்று யாரோ எனக்கு எழுதிக் கொடுத்தது போல மூன்று வருடம் இருந்திருக்கிறேன்.

இந்தக் கார் வாங்கியதே அவளுக்காகத்தான். அதற்கு முன்னால் டயாலிசிஸ் முடிந்ததும் அவள் அண்ணன்தான் வந்து கூட்டிக்கொண்டு வருவார். மச்சான் லாரி மெக்கானிக். அவரிடம் இருப்பது பதினாறு வயதான டீசல் பிக்கப், முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றலாம். அது குலுங்குகிற குலுங்கலுக்கும் அடிக்கிற நாற்றத்துக்கும் வீடு வருவதற்குள் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடுவாள். புதுக் காரில் ஏறிய முதல் நாள் பாதி வழியிலேயே தூங்கிப் போனாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை மச்சானுக்குப் புரியவைக்கவே முடியவில்லை. போனுக்கு நாலு சக்கரம் மாட்டி வித்திருக்கான், நம்ம மாப்பிள்ளை தலையில கட்டிட்டான் என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு இருப்பவனில்லை. அவர் வண்டி வருவதற்கு முன்னால் அதன் புகை தெருவுக்குள் வந்துவிடும் என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். வீட்டில் என்ன பேச ஆரம்பித்தாலும் கார் பேச்சில்தான் வந்து நிற்கும். அவள் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேருக்கும் தலையாட்டுவாள்.

அன்று காலை மச்சானுக்கு விஷயத்தைச் சொன்னபோது, வண்டியை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். நூற்றுப் பத்தாவது கிலோமீட்டரில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் எண்பது ஏறிவிடும், ஒன்று இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருப்போம். பேப்பரில் போட்டே பார்த்துவிட்டேன். அவளால் உங்கள் வண்டியில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது மச்சான் என்றும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். வாங்கிய கிண்டலுக்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு ஒரு பதில் கொடுத்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு அற்ப ஆசை இருந்தது. பெண்டாட்டி ஆபரேஷனுக்குப் போகிற நாளில் எனக்கு அந்த ஆசை இருந்தது. இப்போது சொல்லும்போதும் கூசுகிறது.

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன இடது கையைத் தடவிக்கொண்டே வந்தாள். மூன்று வருடமாக அவள் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்றாள். டாக்டர் சொன்ன பிறகு குடி என்றேன். இன்னொன்றையும் கவனித்தேன். அடிக்கடி அவள் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

சார்ஜிங் ஸ்டேஷனை அடைந்தபோது மணி ஒன்பது ஐம்பது, சார்ஜ் ஒன்பது சதவீதம். என் கணக்கு அதுவரை நூல் பிடித்த மாதிரிதான் வந்தது. நெடுஞ்சாலை ஓட்டலுக்குப் பின்னால் இரண்டு மிஷின்கள் நின்றன. ஒன்றின் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். மற்றதில் சொருகினேன், ஏற ஆரம்பித்தது. எண்பது ஏற ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் என்று திரையில் வந்தது. பிடுங்கிவிட்டு மறுபடி சொருகினேன். அதே நாற்பது. ஓட்டல் கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு நாளாகவே மின்சாரம் பாதிதான் வருகிறது, மெதுவாகத்தான் ஏறும் என்று சொன்னார். அடுத்த ஸ்டேஷன் எண்பது கிலோமீட்டரில். அங்கே போன் போட்டேன், அடித்து அடித்து நின்றது. பேப்பரை எடுத்து ஓரத்தில் புதுக் கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் இரண்டேகால்தான் வந்தது.

"வராதா?" என்று கேட்டாள்.

"வரும்."

"நேரத்துக்கு வருமான்னு கேக்கறேன்."

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன். அந்த நேரத்தில்தான் டீசல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பிக்கப் ஓட்டலைச் சுற்றிக்கொண்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்றது. மச்சான் இறங்கினார். என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், போய் பிக்கப்பின் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவைத்தார். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மனுஷன் அவர். நக்கலடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காலையில் வீட்டில் நான் பேப்பரும் பேனாவும் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். இரண்டு கிலோமீட்டர் விட்டுப் பின்னாலேயே வாருங்கள், அவர் கண்ணில் படாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என் மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?" என்றேன்.

"நம்பிக்கை இல்லாம இல்லைங்க. உங்க டெப்போவுல ஒரு ஸ்பேர் பஸ் இல்லாம காலையில முதல் வண்டியை வெளிய அனுப்புவீங்களா?"

அனுப்ப மாட்டோம். அட்டவணை போடும்போது நான் முதலில் ஒதுக்குவதே அந்த ஸ்பேர் பஸ்ஸைத்தான்.

"எனக்கு இது ஒரு தடவைதான் வரும்" என்றாள். "அதான் சொன்னேன் அண்ணன்கிட்ட."

நானும் பின்னால் சாமான் தட்டில் ஏறிக்கொள்கிறேன் என்றேன். வழியில் போலீஸ் மறித்து நிறுத்தினால் அரை மணி நேரம் போய்விடும் மாப்பிள்ளை என்றார் மச்சான். அவர் சொன்னது சரி. பெட்டியையும் ஃபைலையும் எடுத்து வைத்தேன். பாலிதீன் கவர் இருக்கிறதா என்று கேட்டாள். வாந்தி வந்தால் வேண்டுமே. ஓட்டலில் ஐந்தாறு கவர் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். வண்டி புகை கக்கிக்கொண்டு சாலையில் ஏறியது. காருக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சதவீதம் பதினான்கில் இருந்தது.

பத்து ஐம்பத்தைந்துக்கு ஐம்பத்தைந்து ஏறியிருந்தது. அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியவில்லை. அவ்வளவு சார்ஜில் இருநூறு கிலோமீட்டரைச் சாதாரணமாக ஓட்டி முடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஏசியை அணைத்தேன். காற்று இழுக்கும் என்று கண்ணாடியையும் இறக்கவில்லை. எழுபதைத் தாண்டாமல், யாரையும் முந்தாமல், பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டினேன். வியர்வை முதுகில் வழிந்து இருக்கையில் ஊறியது. போகப் போகக் கணக்கு நெருங்கி வந்தது, இரண்டு மணிக்குள் வந்துவிடலாம் போலத் தெரிந்தது. அப்போது மனதுக்குள் ஒரு வாக்கியம் தானாக உருவாயிற்று: பார்த்தீர்களா, என் காரிலேயே வந்திருக்கலாம். அதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒன்று ஐம்பத்தாறுக்கு மருத்துவமனை வாசலுக்குள் நுழைந்தேன்.

மூன்றாம் மாடி நடையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் நர்ஸ் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், அவர் இடது கையும் என் மனைவியின் கையைப் போலவே புடைத்திருந்தது. எங்களுக்கு அடுத்து வரிசையில் இருந்தவர் அவர்தானாம். ஒருவேளை நாங்கள் வராவிட்டால் என்று அவரையும் வரச் சொல்லி மதியத்திலிருந்து உட்கார வைத்திருக்கிறார்கள். நீங்கள் அவர்கள் வீட்டுக்காரரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லபடியா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கிப் போனார்.

அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். ரத்தம் பொருந்திவிட்டது, இப்போது உள்ளே கூட்டிப்போகிறார்கள் என்றார் மச்சான். அவர் சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. கழுவியிருக்கிறார். எத்தனை தடவை எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டுக்குள்ள வந்துட்டீங்களே மாப்பிள்ளை" என்றார். "தங்கச்சி உங்க வண்டியிலேயே வந்திருக்கலாம். பாவம், ரொம்பச் சிரமப்பட்டுட்டா."

நக்கலே இல்லாமல், மனதாரச் சொன்னார். நான் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

அவள் கண்ணைத் திறந்து என் சட்டையைப் பார்த்தாள்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"மூணு" என்றேன்.

"ஏசி போடலையா?"

"போடலை."

"நான் கூட வந்திருந்தா?"

"போட்டிருப்பேன்."

அப்படிப் போட்டிருந்தால் எந்த இடத்தில் நின்றுபோயிருப்போம் என்பதை அவள் கேட்கவில்லை. மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நேரமாகிறது என்றார் நர்ஸ். தள்ளுவண்டி நகர்ந்தது. அவள் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது, நானும் கூடவே நாலடி நடந்தேன்.

"சரி விடுங்க" என்றாள். "திரும்பிப் போறப்ப போட்டுக்கலாம்."