மயக்கத்தில் போட்ட திட்டம்

படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அதனால் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் அவளைச் சட்டக்காரி என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை மட்டும் கேள்விப்பட்ட சிலர் அவளை வக்கீல் என்று நினைத்துக்கொண்டு வாடகைத் தகராறைக்கூடக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவளும் பொறுமையாக முழுக்கதையையும் கேட்டுவிட்டு, ஏதாவது படத்துக்குக் கண்ணாடி போடணுமா என்று விசாரித்து அனுப்பிவைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் ஒரு கல்யாணப் படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சட்டத்தின் மூலைகளில் பசை தடவி, சுற்றிலும் பட்டை போட்டு இறுக்கியாயிற்று. மூன்று மூலைகள் சமர்த்தாகப் பொருந்திவிட்டன. நாலாவது மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவள் பட்டையைத் தளர்த்தி மறுபடி இறுக்கப்போன நேரத்தில் கடை வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

அந்தக் கூட்டாளிகளில் ஒருத்தியான வேன்காரி வந்து நின்றாள். வாரநாட்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள், இன்று கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக இருந்தாள்.

"நீ இன்னும் கிளம்பலையா?" என்றாள்.

"எங்கே?"

"எங்கேயா? கடற்கரைக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணும், சீக்கிரம் வந்துடுன்னு நீதானே சொன்னே?"

சட்டக்காரி சிரித்துவிட்டாள். வேன்காரி விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் வேன்காரியின் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி அவ்வளவு ஆசையாகச் சொன்னாயே, அதற்காக நேற்று பொழுதெல்லாம் சீட்டுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் தூளைக் கூட்டிப் பெருக்கினேனே, இப்போது எங்கே என்று கேட்கிறாயே என்று பொரிந்து தள்ளினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சட்டக்காரி யாருக்கும் போன் பண்ணவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்று காலை ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நெடுநாளாக இருந்த எரிச்சலுக்காகத்தான். பயப்பட ஒன்றுமில்லை, காரத்தைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணி கூட வந்து, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனாள். அப்புறம் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். கண் விழித்தபோது வெள்ளிக்கிழமை விடிந்திருந்தது.

இதை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மாத்திரை.

மாத்திரைக்குச் சொந்தமாக மருந்துக்கடை இருக்கிறது. பேரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஏரிக்கரையில் படகு விடுகிற இடத்தில் நிற்பதாகவும், சொன்னபடி பாயும் பெரிய குடையும் கொண்டுவந்திருப்பதாகவும், மற்றவர்கள் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்றும் அவன் கேட்டான்.

"ஏரியா?" என்றாள் சட்டக்காரி.

"ஏரிதான். கடல்னா உனக்குத் தலை சுத்தும், ஏரிக்கே போவோம்னு சொன்னியே. இங்க வெயிலுக்கு நான் மட்டும் குடையும் கையுமா நிக்கிறேன். படகுக்காரர் என்னை ஒரு மாதிரியா பாக்கறாரு."

ஒருத்தி விளையாடலாம். ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற இன்னொருவனும் அதே நேரத்தில் விளையாடுவானா? போனைக் காதிலிருந்து எடுத்து, வியாழக்கிழமை யார் யாருக்குப் பேசியிருக்கிறாள் என்று பார்த்தாள். வேன்காரி இருந்தாள். மாத்திரை இருந்தான். அவர்களுக்கும் மேலே, கடைசியாக, ஊசி இருந்தாள். மற்ற இரண்டையும்விட அதுதான் நீளமான பேச்சு.

சட்டக்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊசி தையல்காரி. நாக்கும் கொஞ்சம் அப்படித்தான் என்பதால் அந்தப் பெயர் அவளுக்கு இரட்டைப் பொருத்தம். ஒரு காலத்தில் நாலு பேரும் ஒன்றாக இருந்தார்கள். அதிலும் இவர்கள் இருவரும் ஒருத்தியைப் பார்த்தால் மற்றவள் எங்கே என்று கேட்கும்படி இருந்தார்கள். பெரிய கடைத்தெருவில் ஒரு இடம் பார்த்து, முன்பக்கம் சட்டம் போடவும் பின்பக்கம் திரைச்சீலை தைக்கவும் என்று சேர்ந்து திட்டம் போட்டார்கள். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுவரை பேசி முடித்தாயிற்று. சாவி வாங்குகிற அன்று சட்டக்காரி அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். ஊசி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மறுநாள் மாத்திரை வந்து தலையைச் சொறிந்துகொண்டே, அவள் ஒரு ஹோட்டலில் துணிப்பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னான். ஏன் என்று இவள் யாரிடமும் கேட்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

"அவகிட்ட நான் பேசியிருக்கேனா?" என்று வேன்காரியிடம் போனைக் காட்டினாள்.

வேன்காரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பவும் மாட்டிக்கொண்டாள். இந்த விஷயத்தில் தலையிடாமலிருக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

போனில் இன்னும் மாத்திரை கத்திக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் அவன் குரல் தணிந்தது. குழாய் விடுவதற்கு முன்னால் மயக்க ஊசி போட்டார்களா என்று விசாரித்தான். போட்டார்கள் என்றாள். அப்படியானால் பயப்படாதே என்றான். அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டாம். ஆள் கண்ணைத் திறந்துகொண்டு, எழுந்து நடந்து, எதிராளிக்குச் சந்தேகமே வராதபடி பேசும். மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. அதனால்தான் அன்றைக்கு முழுக்க எந்த முடிவும் எடுக்கக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள்.

அவள் உடனே அண்ணியைக் கூப்பிட்டாள். அண்ணி, அதையெல்லாம் நர்ஸ் தன்னிடம் சொன்னதாகவும், தானும் வண்டியில் வரும்போது எடுத்துச் சொன்னதாகவும், ஒவ்வொரு தடவையும் இவள் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டியதாகவும் சொன்னாள்.

"என் போனை ஏன் அண்ணி பக்கத்துல வெச்சுட்டுப் போனீங்க?"

"அவசரத்துக்கு வேணுமேன்னுதான் வெச்சேன். நீ திருவிழா மாதிரி எல்லாரையும் கூப்பிடுவேன்னு நான் கண்டேனா?"

காரணம் தெரிந்த பிறகும் அவளுக்குக் குழப்பம் தீரவில்லை, கூடத்தான் செய்தது. தன் வாயால் தான் பேசியிருக்கிறாள். அதை இரண்டு பேர் கேட்டு, வண்டியைத் துடைத்து, குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் அதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. சரி, கடலோ ஏரியோ, போனால் போகிறது. ஊசியிடம் என்ன சொல்லித் தொலைத்தாளோ? மன்னிப்புக் கேட்டிருப்பாளா? தப்புச் செய்தது அவள், மன்னிப்புக் கேட்டது நானா என்று நினைத்தபோது காது மடல் சுட்டது. தான் அழுதிருப்பாளோ என்றும் தோன்றியது. அது இன்னும் மோசம்.

எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு வேலையைப் பார்ப்பது என்று முடிவெடுத்து, பட்டையைத் தளர்த்தக் கையை வைத்தாள். அப்போது கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஊசி உள்ளே வந்தாள். ஒரு கையில் பெரிய பிளாஸ்க், மறு கையில் துணிப்பை.

"தாமதமாயிடுச்சா?" என்று கேட்டாள், நேற்றுச் சாயங்காலம்தான் பிரிந்துபோனவள் மாதிரி.

சட்டக்காரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வா என்று சொல்வதா, எதற்கு வந்தாய் என்று கேட்பதா? வாய் தன் பாட்டுக்கு, இல்லை என்று மட்டும் சொன்னது. வேன்காரி வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி வெளியே நழுவினாள். ஊசி சற்று மெலிந்திருந்தாள். முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணப் படத்தைக் குனிந்து பார்த்து, மூலை சேரவில்லையே என்றாள். அவளுக்கு எப்போதும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

கடையைப் பூட்டிவிட்டு எப்படி வேனில் ஏறினோம் என்று கேட்டால் சட்டக்காரியால் சொல்ல முடியாது. அதற்கு மருந்து காரணமில்லை. கடலா ஏரியா என்ற கேள்வியை வேன்காரியே தீர்த்துவைத்தாள். ஒருத்தன் ஏற்கெனவே ஏரிக்கரையில் காய்ந்துகொண்டிருக்கிறான், அங்கேயே போவோம் என்றாள். வழியெல்லாம் ஊசிதான் பேசினாள். ஹோட்டலில் ஒரு நாளைக்கு மலை மாதிரி படுக்கை விரிப்புகள் வந்து குவிவதையும், மேலதிகாரி சுருக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பதையும் சொன்னாள். சட்டக்காரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ம் கொட்டினாள். இவள் எந்த உரிமையில் இப்படிப் பேசுகிறாள் என்று ஒரு நிமிஷம் எரிச்சல் வரும். அடுத்த நிமிஷம், அந்த உரிமையை நானே கொடுத்திருப்பேனோ என்று சந்தேகம் வரும்.

ஏரிக்கரையில் மாத்திரை பாயை விரித்து, குடையைத் தரையில் ஊன்றத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊசியைப் பார்த்ததும் குடை ஒரு பக்கம் சாய்ந்தது. ரொட்டியும் பழமும் பிளாஸ்கில் தேநீரும் எடுத்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வேன்காரி அவனைக் கிள்ளி, படகு பார்க்கப் போகலாம் என்று இழுத்துக்கொண்டு போனாள்.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். இதற்கு மேல் தாங்காது என்று சட்டக்காரி உண்மையைச் சொல்லிவிட்டாள். மருந்து, மயக்கம், மறதி எல்லாவற்றையும். தான் கூப்பிட்டதே தனக்கு இன்று காலையில்தான் தெரியும் என்பதையும்.

ஊசி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமே ஞாபகம் இல்லையா?"

"இல்லை. நான் என்னடி சொன்னேன்? மன்னிப்பு கேட்டேனா?"

"மன்னிப்பா? நீயா?" ஊசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திட்டினே. அந்தக் கதவு முன்னாடி நின்னதுல ஆரம்பிச்சு, சகட்டுமேனிக்குத் திட்டினே. நான் போனைக் காதுல இருந்து தள்ளி வெச்சுக்கிட்டுக் கேட்டேன். எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஒரு வருஷமா நீ ஒரு வார்த்தை திட்டலையே."

மனசுக்குள்ளேயே சட்டக்காரி அவளை எத்தனையோ தடவை திட்டித் தீர்த்திருக்கிறாள். நிஜமாகத் திட்டியபோது தானே அங்கே இல்லாமல் போய்விட்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஏன் வரலைன்னு கேட்டே. சொன்னேன்."

"என்ன சொன்னே?"

ஊசி தரையிலிருந்து ஒரு சருகை எடுத்துச் சிறுசிறு துண்டாகக் கிழித்தாள். தண்ணீரில் யாரோ படகைத் திருப்பத் தெரியாமல் துடுப்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் சொன்னேன். வீட்ல அப்ப நடந்தது, அதை உங்க யார்கிட்டயும் சொல்ல முடியாம நான் இருந்தது, எல்லாம். பாதியில அழுதுட்டேன். நீ இடையில பேசவே இல்லை. முடிச்சதும் சரின்னே. இன்னொரு தடவை சரி, விடுன்னே. சனிக்கிழமை கடைக்கு வா, தேநீர் கொண்டுவான்னே. அதுக்கப்புறம் குறட்டை விட்டே."

"இப்ப திரும்பச் சொல்லேன்."

"என்னால முடியாதுடி. அதை ஒரு தடவை சொல்றதுக்கே எனக்கு இவ்வளவு நாளாச்சு. எப்பவாவது மனசு வந்தா சொல்றேன். இப்ப கேக்காதே."

சட்டக்காரிக்குச் சட்டென்று கோபம் வந்தது. இவ்வளவு நாள் காத்திருந்த காரணம் தன் காதில் விழுந்து, தன் வாய் அதற்குச் சரி என்றும் சொல்லி, இப்போது அது யாருக்கோ நடந்த மாதிரி ஆகிவிட்டது. அது என்ன சரி? முழுக்கக் கேட்டுச் சொன்னதா, தூக்கக் கலக்கத்தில் சொன்னதா? என்ன நடந்திருந்தால் தான் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். நோயா, கடனா, வீட்டு ஆண்களில் யாராவதா? ஒன்றும் பிடிபடவில்லை. மாத்திரைக்குத் தெரிந்திருக்கலாம். அன்று தலையைச் சொறிந்துகொண்டு நின்ற விதத்தை இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றியது. போய்க் கேட்கலாமா என்று பாதி எழுந்தவள், ஊசியின் விரல்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அவை இன்னும் சருகைக் கிழித்துக்கொண்டிருந்தன.

தன் வாயிலிருந்து சரி என்பது லேசில் வராது. அது அவளுக்கே தெரியும். கண்ணாடி வாங்குகிற கடைக்காரரிடம்கூட மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அப்படிப்பட்டவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள் என்றால், கேட்டவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அந்தக் கேட்டவள் தான்தான் என்பதை நம்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

"நிஜமாவே குறட்டை விட்டேனா?" என்று கேட்டாள்.

"விட்டே. நான் ரொம்ப நேரம் போனை வைக்கல."

படகு பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு படகுக்கு இரண்டு பேர்தான் என்றும், மாத்திரையோடு உட்கார்ந்தால் படகு ஒரு பக்கமாகச் சாயும் என்றும் வேன்காரி புகார் சொன்னாள். மாத்திரை யாருடைய முகத்தையும் பார்க்காமல் குடையை மடித்துக்கொண்டிருந்தான். சட்டக்காரி எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ லேசானது போலவும் இருந்தது, ஏதோ களவு போனது போலவும் இருந்தது. எது என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

"நானும் இவளும் ஒண்ணுல போறோம்," என்று சொல்லிவிட்டு, படகுத்துறையை நோக்கி முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போய் நின்று, ஊசி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வரும்வரை காத்திருந்தாள்.