அங்கே நல்லாத்தான் இருந்தேன்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் சிறிய அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஷர்லி பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலராக இருந்தாள். இருபத்தொன்பது வயது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பொது சுகாதாரத்தில் முதுகலை படித்தவள். படிப்பு முடிந்ததும் அங்கேயே இரண்டு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். விசா முடிந்து இலுப்பூரில் அப்பா வீட்டுக்குத் திரும்பி மூன்று வருடம் ஆகியிருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஒரு கல்லூரியில் அவள் பேச வேண்டும். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: வெளிநாட்டில் படிப்பதன் நன்மைகள். நல்ல ஆய்வகங்கள், பல நாட்டு நண்பர்கள், தானாக யோசிக்கும் பழக்கம், தன்னம்பிக்கை, படித்து முடித்தபின் அங்கேயே வேலை தேட அனுமதி. அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல்வாள். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் இரண்டாம் வாரமே வேலையை விட்டிருப்பாள்.

அந்த நன்மைகளோடு ஊருக்கு வந்தவளுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. அவள் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று சான்றிதழ் வாங்கவே பதினோரு மாதம் ஆனது. அதை எடுத்துக்கொண்டு போன சுகாதாரத் துறை அலுவலகத்தில், "இந்தப் படிப்புக்கு எங்ககிட்ட போஸ்டே இல்லையேம்மா" என்றார்கள். திருச்சியில் ஒரு மருத்துவமனை, வரவேற்பு மேசையில் உட்காருகிறாயா என்று கேட்டது. உரக்கடை வைத்திருந்த அப்பா ஆனந்தராஜ் முதல் வருடம் வேலையைப் பற்றித் தினமும் விசாரித்தார். பிறகு விசாரிப்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார். கடைசியில் வேலை கொடுத்தது வெற்றிசெல்வன்தான். இந்தக் கீழராஜ வீதி அலுவலகத்தின் முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. "நீ போய்ட்டு வந்தவம்மா. நீ சொன்னா நம்புவாங்க" என்றார்.

ரம்யா அப்படி நம்பியவள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கடைசி வருடம். ஷர்லி பேசி முடித்ததும் மற்ற பிள்ளைகள் பிஸ்கட்டும் காப்பியும் எடுக்கப் போனார்கள். ரம்யா மட்டும் நோட்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, அங்க லேப்ல நாமளே தனியா எக்ஸ்பெரிமெண்ட் செய்ய விடுவாங்களா? இங்க சார் செஞ்சு காட்டுவாரு, நாங்க சுத்தி நின்னு பாப்போம்."

"விடுவாங்க. தப்பாச் செஞ்சாலும் விடுவாங்க" என்றாள் ஷர்லி.

ரம்யா சிரித்தாள். ஷர்லி அவள் நோட்டில் அலுவலக முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து ரம்யா தன் அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்தாள். அம்மா காத்தாயி முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவள். புருஷன் இறந்து ஆறு வருடம். குடும்பத்துக்கு என்று இருந்தது ஒரு முந்திரிக்கொல்லை. அதன் பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வெற்றிசெல்வன் வங்கிக்குப் போயிருந்தார். ஷர்லி இருவரையும் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனாள்.

"அம்மா, நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன். கொல்லைய விக்காதீங்க. இவளை இப்ப அனுப்பாதீங்க."

ரம்யாவின் முகம் சட்டென்று மாறியது. "அன்னைக்கி வேற மாதிரி பேசுனீங்களேக்கா."

"அன்னைக்கிப் பேசுனதும் நெசந்தான். ஆனா படிச்சு முடிச்சதும் வேலை கெடைக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. நான் இருநூறு எடத்துக்கு மேல எழுதிப் போட்டேன். கூப்புட்டது மூணு பேரு. திரும்பி வந்தா இங்கயும் இந்தப் படிப்புக்கு எடம் இல்ல. என்னையப் பாருங்க, இதான் என் வேலை."

காத்தாயி டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பிடித்திருந்த அவள் விரல்கள் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து கிடந்தன. ஷர்லி லீட்ஸில் எழுதிய ஆய்வு இந்த விரல்களைப் பற்றியதுதான். முந்திரி உடைக்கும் பெண்களின் கைகள் வெந்துபோவதைப் பற்றி எண்பது பக்கம் எழுதியிருந்தாள். பேராசிரியை அதைப் படித்துவிட்டு நாற்பது பேர் முன்னால் அவளைப் பேச வைத்தார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். ஊருக்கு வந்தபின் அந்த எண்பது பக்கத்தை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ சொல்றதுல பாதி எனக்கு வெளங்கலம்மா" என்றாள் காத்தாயி. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அங்க இருந்தப்ப நீ நல்லா இருந்தியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கொல்லை அவர்களிடமே இருந்திருக்கும். ஷர்லி வாயைத் திறந்தாள். மழையில் நனைந்துகொண்டு நூலகத்துக்கு நடந்த தெரு நினைவுக்கு வந்தது. எங்கே போகிறாய், யார் மகள் நீ, இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று ஒருவரும் கேட்காத தெரு.

"நல்லாத்தான் இருந்தேன்" என்றாள்.

"அது போதும்" என்று எழுந்தாள் காத்தாயி. "நான் ஒரு நாளும் அப்புடி இருந்ததில்ல. இவளாவது இருக்கட்டும்."

கொல்லை கைமாறியது. விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரையை ஷர்லியே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். அவள் வேலை அது. விசா வந்தது. செப்டம்பரில் திருச்சி விமான நிலையத்தின் வாசலில் ரம்யா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஷர்லியின் கையைப் பிடித்து, "ஒங்க ஊருக்குத்தான்க்கா போறேன்" என்றாள். அவளுக்கும் லீட்ஸில்தான் இடம் கிடைத்திருந்தது.

முதல் இரண்டு மாதம் படங்கள் வந்துகொண்டே இருந்தன. வெள்ளைக் கோட்டு போட்டு நுண்ணோக்கி முன்னால் ரம்யா. நைஜீரியாக்காரத் தோழியோடு ரம்யா. பழுத்த இலைகளுக்கு நடுவே ரம்யா. அக்டோபருக்குப் பிறகு படங்கள் குறைந்தன. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாமல், பொருட்களை அட்டைப்பெட்டியில் அடைக்கும் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதல் பருவத்தில் இரண்டு பாடம் போனது. வகுப்புக்குச் சரியாக வரவில்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது.

ஜனவரியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம், ஷர்லியின் போன் அடித்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். ரம்யா கிடங்கு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, என்னால முடியலக்கா. நின்னுக்கிட்டே தூங்குறேன். கிளாசுல போய் ஒக்காந்தா ஒண்ணும் ஏற மாட்டேங்குது. நான் வந்துரவா?"

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"அம்மாகிட்ட என்னன்னுக்கா சொல்றது? நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவள் அழுகைக்குப் பின்னால், சாலையைக் கடக்கலாம் என்று சிக்னல் கம்பம் எழுப்பும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு ஒலிக்கும் மெல்லிய சத்தம். ஈரச் சாலையில் வண்டிகள் வழுக்கிப் போகும் ஓசை. யாரோ ஒரு பெண் அந்த ஊர் உச்சரிப்பில் காலை வணக்கம் சொல்லிக் கடந்து போனாள். ஷர்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு பிள்ளை விக்கி விக்கி அழுகிறது, தான் அந்தத் தெருவைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ வந்துராத ரம்யா. இங்க வந்து என்ன செய்வ? எப்புடியாச்சும் இருந்துக்க."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

ரம்யா இன்னும் மூன்று மாதம் தாக்குப்பிடித்தாள். ஏப்ரலில் பல்கலைக்கழகம் அவள் பெயரை நீக்கியது. பெயர் போனதும் விசாவும் போனது. கையில் பட்டம் இல்லாமல், எட்டு கிலோ எடை குறைந்து வந்து இறங்கினாள். வெற்றிசெல்வன் செய்தி கேட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நூத்துல ஒண்ணு ரெண்டு இப்புடி ஆயிருதும்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்.

ஷர்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கந்தர்வக்கோட்டை தாண்டி அவர்கள் ஊருக்குப் போனாள். காத்தாயி திட்டவில்லை. திட்டுவாள் என்று நினைத்துத்தான் ஷர்லி போயிருந்தாள். காத்தாயி ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். "வெயில்ல வந்திருக்க, ஒக்காரு" என்றாள். விற்ற கொல்லையிலேயே கூலிக்குக் கொட்டை பொறுக்கப் போவதாகச் சொன்னாள்.

"யாரையும் கொறை சொல்லலம்மா. நீதான் அன்னைக்கே வேணாம்னு சொன்னியே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஷர்லிக்கு.

ரம்யா வண்டி வரைக்கும் கூட வந்தாள். இருவரும் வேலி ஓரமாக நடந்தார்கள். வண்டியருகே வந்ததும் ரம்யா கேட்டாள்.

"அக்கா, ஜனவரியிலயே வந்திருந்தா ரெண்டாவது தவணை ஃபீஸ் பணமாச்சும் மிஞ்சியிருக்கும். நீங்க இருந்துக்கன்னு சொன்னீங்க. அது எனக்காகச் சொன்னீங்களா, ஒங்களுக்காகச் சொன்னீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். கல்லூரியில் நோட்டோடு வந்து நின்றபோது இருந்த அதே குரல்.

ஷர்லி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நேர்மையாகப் பதில் சொல்லி ஒரு முறை இந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தாகிவிட்டது. இப்போது எந்தப் பதிலும் அவளைத் தூக்கி நிறுத்தப் போவதில்லை.

"தெரியல ரம்யா" என்றாள்.

ரம்யா தலையை ஆட்டினாள். "எனக்கும் அந்த ஊருதான்க்கா கனவுல வருது, தெனமும்" என்றாள். சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை விராலிமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பேச்சு இருந்தது. போக வேண்டாம் என்று காலை வரை நினைத்திருந்தாள். ஒன்பது மணிக்கு வெற்றிசெல்வன் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். அவள் சேலையை மாற்றிக்கொண்டு போய் ஏறினாள்.