முழங்கை மூடி

பெரியவளுக்கு மாப்பிள்ளையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மாப்பிள்ளை என்றால் அவள் தங்கையின் புருஷன். டப்பா செய்கிற கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவன். டப்பாதானே என்று இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. அந்தக் கம்பெனியின் டப்பா இல்லாத சமையலறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாப்பிள்ளை கெட்டவனும் இல்லை. வாய் நிறையச் சிரிப்பான், வந்தவர்களுக்கு நாற்காலியை இழுத்துப் போடுவான், மாமியாருக்கு மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வந்துவிடுவான். அப்படிப்பட்டவன் நம்முடையதை எடுத்துக்கொண்டால் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் நாம்தான் பொல்லாதவர்கள் ஆவோம்.

அவன் எடுத்துக்கொண்டது ஒரு மூடியை.

பெரியவள் பள்ளியில் கணக்கு டீச்சர். மாடிப்படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எலும்பு கூடிவிட்டது, பிடி மட்டும் திரும்பவில்லை. சாக்பீஸ் பிடித்தால் நழுவும். ரப்பர் பந்தைத் தினமும் அமுக்கச் சொல்லி, ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த பயிற்சிக்காரப் பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள். பந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் கம்பெனி ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தது. டப்பாவைப் புழங்குகிறவர்களையே கூப்பிட்டு, திறந்து மூடவிட்டு, பக்கத்தில் இருந்து பார்த்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு அதன்படி டப்பாவை மாற்றுவது. மாப்பிள்ளை பெரியவளையும் கூப்பிட்டான். நீள மேஜை, ஒரு பக்கம் குழாய், தலைக்கு மேலே கேமரா. மற்றவர்கள் மூடியை விரலால் நெம்பித் திறந்தார்கள். பெரியவளால் முடியவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு டப்பாவை மேஜை ஓரத்துக்கு நகர்த்தி, மூடியின் விளிம்பில் முழங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாள். மறுபக்கம் எழும்பி மூடி கழன்றது.

"இந்த ஓரத்தைக் கொஞ்சம் சரிவா வெச்சீங்கன்னா மாப்பிள்ளை, கையே வேணாம். இடிச்சாலே திறந்துக்கும்," என்றாள்.

மாப்பிள்ளை அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சரிவு வைத்த முழங்கை மூடி கடைக்கு வந்ததும் அள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறவர்கள், கையில் மாவு ஒட்டியிருக்கிறவர்கள், மூட்டுவலிக்காரர்கள் எல்லாரும் கொண்டாடினார்கள். மாப்பிள்ளைக்கு விருது கொடுத்தார்கள். குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. இந்த யோசனை எப்படி வந்தது என்று மேடையில் அவனைக் கேட்டார்கள். "ஒருநாள் காலையில குளிச்சிட்டிருந்தப்போ சட்டுனு தோணிச்சு" என்றான். சின்னவள் கை தட்டினாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது அடக்கமாகத்தான் கேட்டாள். "ஏன் மாப்பிள்ளை, அது நான் சொன்னதுதானே?"

"நீங்க டப்பாவைத் திறந்தீங்க அக்கா, நான் யோசிச்சேன்," என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டார்களா? அன்றிலிருந்து அதுவே வீட்டுக்குள் ஒரு கேலியாகிவிட்டது. பெரியவள் ஜன்னலைத் திறந்தால், குடையைத் திறந்தால், "பாத்து, யாராவது விருது வாங்கிடப் போறாங்க" என்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். அப்படிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒரு ஆணி இறங்கியது.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இது அவளுடையது என்று அவன் வாயால், நாலு பேர் கேட்க, ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லாதவரை அவனைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

விருதுக்குப் பிறகு மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிற இடத்தில் எல்லாம் ஒரே உபதேசம். "ஜனங்க வாயைக் கேக்காதீங்க, கையைப் பாருங்க. வாய் பொய் சொல்லும், கை சொல்லாது." இன்னொரு பழக்கமும் தொற்றிக்கொண்டது. புதிதாக எதைச் செய்தாலும் கடைசியில் பெரியவளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வான். "எங்க அக்கா கை திறந்துட்டா ஊரே திறந்துடும்" என்று அவள் முன்னாலேயே சொல்வான். உடைந்த கை அவனுக்கு அளவுகோலாகிவிட்டது. அளவுகோலுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

ஒருநாள் சின்னவள் ஒரு சாப்பாட்டுக் கேரியரைப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதேக்கா, இன்னும் கடைக்கு வரலை. தலைகீழா கவுத்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது," என்று பெருமையாகக் குழாயடியில் கவிழ்த்துக் காட்டினாள். ஒழுகவில்லைதான். கேரியரின் பக்கவாட்டில் இருந்த கொக்கியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துத் திருகினால்தான் திறக்கும். சின்னவளே பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறந்தாள். பெரியவள் கிள்ளிப் பார்த்தாள். கொக்கி அசையவே இல்லை.

"உனக்கு வரலைன்னா மாத்திடுவாரு. அடுத்த மாசம் உன்னைக் கூப்பிடப் போறாரு பாரேன்," என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "இங்கேயே இருக்கட்டும்டி, ரெண்டு நாள் பழகிப் பாக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

பள்ளி விடுமுறைதான், வேறு வேலை இல்லை. காலையில் காபி வைக்கும் முன்னால் கொக்கியோடு மல்லுக்கு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, விட்டாளில்லை. சோபாவுக்கு அடியிலிருந்து பந்து வெளியே வந்தது. துணி பிழிந்தாள், மாவு பிசைந்தாள், எலுமிச்சம்பழத்தை வெறுங்கையால் நசுக்கினாள். ஒவ்வொரு தடவையும் குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றிற்றாம் என்று முணுமுணுத்துக்கொண்டாள். கோபம் வலியை அமுக்கிவிட்டது. பயிற்சிக்காரப் பெண் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அசந்துபோனாள். "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். பெரியவள் சிரித்து மழுப்பினாள். விடுமுறை முடிவதற்குள் கொக்கி அவள் விரலுக்கு அடங்கிவிட்டது. ஆனால் வீட்டில் எல்லார் எதிரிலும் டம்ளரை இடது கையால்தான் எடுத்தாள்.

கூப்பிட்ட நாளும் வந்தது. அதே மேஜை, அதே கேமரா. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, "சார், கொக்கி ரொம்ப இறுக்கம். நேத்து வந்தவங்களும் கஷ்டப்பட்டாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா கை என்ன சொல்லுதுன்னு பாப்போம்," என்றான் மாப்பிள்ளை.

பெரியவள் வலது கையை மேஜைமேல் கொண்டுவந்தாள். இரண்டு விரலால் கிள்ளினாள், திருகினாள். வாழைப்பழத் தோலை உரிக்கிற மாதிரி கேரியர் திறந்துகொண்டது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

உடனே நிமிர்ந்து, கேமராவுக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "இது ரொம்ப டைட்டா இருக்கு மாப்பிள்ளை. யாராலயும் திறக்க முடியாது. மாத்திடுங்க."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். கண்ணாடிக்காரப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தீங்களா? வாய் என்ன சொல்லுது, கை என்ன சொல்லுது! இவங்களே திறந்துட்டாங்க. அப்படியே போகட்டும்."

"சொல்லிட்டேன் மாப்பிள்ளை, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது," என்றாள் பெரியவள். அதற்கும் சிரித்தான். வீடு வரும்வரை அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

கேரியர் கடைக்கு வந்தது. ஊரே அதைத் திறக்க முடியாமல் திண்டாடியது. அலுவலகங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஆள் கேரியரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். சுத்தியல் கேட்டவர்கள்கூட உண்டு. சாப்பாட்டைப் பத்திரமாக வைத்து ஆளைப் பட்டினி போடும் கேரியர் என்று எவனோ எழுதிவிட, அது எல்லார் போனிலும் சுற்றியது. கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள். பெரியவள் கேரியரைத் திறந்தபோது மேலே இருந்த கேமரா பிடித்த வீடியோவை, முதலாளி எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார் என்று சின்னவள் அழுதுகொண்டே சொன்னாள். தங்கை அழுவதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை.

மறுநாள் மாப்பிள்ளை சின்னவளோடு வந்து நின்றான். நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"பயிற்சிக்காரப் பொண்ணைப் பாத்தேன். உங்க கை நல்லாயி நாளாச்சாமே. எனக்குத் தெரியாமப் போச்சு."

"நீங்க கேக்கவே இல்லையே மாப்பிள்ளை. பாத்துட்டுதானே இருந்தீங்க?"

அவன் உதட்டைக் கடித்தான். "முதலாளி லைன்ல வருவாரு. கை நல்லாயிடுச்சு, சொல்லாம விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. இல்லன்னா தலைவர் சீட்டு போயிடும்."

"முதல்ல நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு," என்றாள் பெரியவள்.

என்னவென்று அவன் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று தெரிந்தது. சின்னவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் முதலாளியைக் கூப்பிட்டு, போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னான்.

"சார், அந்த முழங்கை மூடி என் யோசனை இல்ல. எங்க அக்கா சொன்னது. செஞ்சு காட்டினதும் அவங்கதான். நான் சொல்லாம இருந்துட்டேன்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவளுக்கு நெஞ்சில் இத்தனை நாளாக இறங்கியிருந்த ஆணிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

"சரி, அதை அப்புறம் பேசுவோம்," என்றது முதலாளியின் குரல். "கேரியர் விஷயம் சொல்லுங்கம்மா. உங்க கை நல்லாயிட்டதாலதான் தப்பு நடந்ததுன்னு இவர் சொல்றாரே?"

மாப்பிள்ளை அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான். பெரியவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"டைட்டா இருக்கு, யாராலயும் திறக்க முடியாது, மாத்திடுங்கன்னு நான் சொன்னது உங்க வீடியோவுலயே இருக்குங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

"அதுவும் சரிதாம்மா," என்று சொல்லி முதலாளி வைத்துவிட்டார்.

சின்னவள் தேம்ப ஆரம்பித்தாள். பெரியவள் எழுந்து, மாப்பிள்ளையின் கையை எடுத்துத் தன் வலது கைக்குள் வைத்துக் குலுக்கினாள்.

"ரொம்ப நன்றி மாப்பிள்ளை, சொன்னதுக்கு."

விரல்கள் நசுங்கி அவனுக்கு முகம் கோணியது. விடுவித்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. பெரியவள் அவசரப்படாமல், தனக்குப் போதும் என்று தோன்றியபோதுதான் விட்டாள்.