தொட்டுப் பார்த்த ஐந்து பைகள்

திரைச்சீலை விற்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஒரு பழக்கம் பாலோடு ஏறிவிடும். வாடிக்கையாளரின் கண் ஒரு சுருளில் நின்றால் போதும், வேண்டாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அதை அவிழ்த்து அவர் மடியில் போட்டுவிடுவோம். கண்ணால் பார்க்கிறவர் போய்விடுவார், கையால் தொட்டவர் வாங்குவார். அப்பாவும் சித்தப்பாவும் அப்படித்தான் பிழைத்தார்கள். நானும் அப்படித்தான் பிழைக்கிறேன். என் மனைவியின் வேலைக்கு உலை வைத்ததும் இந்தப் பழக்கம்தான்.

அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மூன்று வருடமாகத் தற்காலிகம். வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாடம், பூஞ்சைகள். பாடத் திட்டத்தில் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள்: ‘மாணவர்கள் வளரும் காளானை நேரில் காண்பார்கள்.’

அதற்காக வைக்கோலை வேகவைத்து, ஆறவிட்டு, காளான் விதை தூவி ஆறு பிளாஸ்டிக் பைகளில் அடைத்தாள். வாயைக் கட்டினாள். பக்கவாட்டில் துளை போட்டுப் பஞ்சால் அடைத்தாள். வீட்டில் இருட்டான மூலை கிடையாது. ஆகவே பைகள் என் கடையின் சரக்கு அறைக்கு வந்தன. ஐந்து அலமாரியில் ஏறின. இடம் போதாமல் ஆறாவதைக் கறுப்புத் துணிச் சுருள்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, “தொடாதீங்க” என்று சொல்லிப் போனாள்.

நான் தொடவில்லை. மற்றவர்களைத் தொடச் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் வைக்கோல் முழுக்க வெள்ளை இழைகள் படர்ந்தன. லைனிங் துணி வாங்க வந்த தையல்காரம்மா எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். என் கை சும்மா இருக்குமா? முடிச்சை அவிழ்த்து, உள்ளே கைவிட்டுப் பாருங்கள், பஞ்சு தோற்றுவிடும் என்றேன். பார்த்தவர் போய் ஊரெல்லாம் சொன்னார். அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு பையை அவிழ்த்தேன். அந்த வாரம் திரைச்சீலையும் நன்றாகப் போயிற்று.

திங்கட்கிழமை மதியம் ஐந்து பைகளிலும் பச்சை படர்ந்திருந்தது. பூரிப்போடு அவளுக்குப் போன் செய்து, பயிர் செழித்துவிட்டது, பச்சைப் பசேல் என்று இருக்கிறது என்றேன். அரை மணி நேரத்தில் சாக்பீஸ் படிந்த கையோடு வந்து நின்றாள். பையை முகர்ந்தாள்.

“இது செடி இல்லைங்க,” என்றாள். “இதுக்குப் பச்சையமே கிடையாது. வெயில்ல சமைச்சுச் சாப்பிடத் தெரியாது. நொதியை வெளியே விட்டு, வைக்கோலைக் கரைச்சு, கரைஞ்சதை உறிஞ்சிக்கும். நான் வளர்த்தது வெள்ளை. இந்தப் பச்சை வேற பூஞ்சை. பொடிப்பொடியா தெரியுதே, அத்தனையும் அதோட வித்து. காத்துல வந்திருக்கும், கையில வந்திருக்கும். திறந்தீங்களா?”

துடைத்துவிட்டால் போகாதா என்று கேட்டேன்.

“வெளியே தெரியறதைத் துடைப்பீங்க. உள்ள பூரா இழை ஓடியிருக்கே, அதை எதால துடைப்பீங்க?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் போர்வை அடுக்கின் மேல் உட்கார்ந்து, மேல் போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். மூணு வருஷம் என்று மட்டும் சொன்னாள், யாருக்கென்று இல்லாமல்.

அப்போதுதான் ஆறாவது பை ஞாபகம் வந்தது. சுருள்களை இழுத்துப் போட்டேன். பால் வெள்ளையாக இருந்தது. யார் கண்ணிலும் படாததால் பிழைத்திருக்கிறது. ஆனால் காளான் முளைக்கவில்லை. நாம் காளான் என்று சொல்வது அதன் பழம் மாதிரியாம், உயிர் முழுக்க அந்த இழைகளில்தானாம். பையைக் கீறி, ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் காட்டினால் ஐந்தாறு நாளில் மொட்டு வரலாம் என்றாள். எங்களிடம் இருந்ததோ மூன்று நாள். பிளேடால் கீறினாள். அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாயன்று ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போனேன். பதினைந்து நாள் தள்ளிப் போடச் சொல்லி ஆரம்பித்தேன். பத்துக்கு வந்தேன், ஒரு வாரத்துக்கு இறங்கினேன், கடைசியில் இரண்டே நாள் என்று நின்றேன். அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “இது சந்தை இல்லைங்க,” என்றார்.

புதனன்று மார்க்கெட்டில் காளான் வாங்கிவந்து, பையில் பல்குத்தும் குச்சியால் குத்தி நிறுத்திவிடலாம் என்று மனைவிக்கு யோசனை சொன்னேன். கடைக் கண்ணாடிக்குள் எத்தனை திரைச்சீலைக்கு ஊசி குத்தி மடிப்பை நிறுத்தியிருக்கிறேன்.

“பிள்ளைங்க தொட்டுப் பார்ப்பாங்க,” என்றாள். “எல்லாரும் உங்க ஜாதிதான்.”

வியாழன் காலையில் ஆறாவது பையில் ஒரு மொட்டும் இல்லை. தூக்கிப் போனால் குலுங்கும் என்று அதை அங்கேயே விட்டாள். கெட்டுப்போன ஐந்தையும் தனித்தனியாக இன்னொரு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, என்னைத் தூக்கிவரச் சொன்னாள். ஏன் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

வகுப்பில் பைகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஆய்வாளர் பின் பெஞ்சில் இருந்தார், நான் வாசலோரம் நின்றேன். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, பச்சையாக இருந்தால் அது தானே உணவு தயாரிக்கும்தானே என்றாள். பாதி வகுப்பு தலையாட்டியது.

“என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைச்சார்,” என்றாள் மனைவி. சிரிப்பு அடங்கியதும் என்னை முன்னால் கூப்பிட்டாள். “பையை எத்தனை பேர் தொட்டாங்க?”

நான் ஒரு எண் சொன்னால் பாதியைத் தள்ளிக் கேட்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அன்று சரியாகச் சொன்னேன். “முப்பத்தொரு பேர்.”

“ஒருத்தரும் தொடாத பை?”

“வெள்ளையா இருக்கு.”

அதே பெண், அப்படியென்றால் தொட்டபோதுதான் வித்து உள்ளே போயிருக்கிறது என்றாள். மனைவியின் குரல் மூன்று நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்தது. கரும்பலகையில் இழையையும் வித்தையும் வரைந்தாள். மணி அடித்தது.

ஆய்வாளர் எழுந்து வந்தார். “நல்லாத்தான் நடத்தினீங்க. ஆனா திட்டத்துல வளரும் காளான்னு எழுதியிருக்கீங்க. நான் பார்த்தது கெட்டுப்போன வைக்கோல். தொடாத பை வெள்ளைன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றார். பிள்ளைங்க பார்க்கலையே.”

மனைவி கையிலிருந்த சாக்பீஸைத் துண்டு துண்டாக ஒடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாசல் வரை போனார். எங்கள் கடையில் மூன்றாம் படியைத் தாண்டிய வாடிக்கையாளர் திரும்பியதே இல்லை. இவர் தாழ்வாரத்தின் பாதி வரை போய்விட்டார். கூப்பிட வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடினேன்.

அவராகவே நின்றார். “திங்கக்கிழமைதான் படிவத்தை அனுப்பணும். அன்னிக்குக் காலையில பை இருக்கிற இடத்துக்கே வரேன். பையில காளான் இருந்தா எழுதறேன், இல்லைன்னா இல்லைன்னு எழுதறேன். அதையும் திறந்து வைக்காதீங்க,” என்று கடைசி வாக்கியத்தை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

இன்று சனிக்கிழமை. காலையும் மாலையும் மனைவி வந்து, பூட்டைத் திறந்து, தண்ணீர் தெளித்து, பூட்டிவிட்டுப் போகிறாள். தெருமுனையில் வருகிறவர் வாங்குவாரா மாட்டாரா என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுகிறவன் நான். அவள் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கேட்கவும் துணிவில்லை. முடிச்சை அவிழ்க்கும்போது என் விரலில் என்ன ஒட்டியிருந்ததோ, கதவிடுக்கு வழியாக அதுவும் உள்ளே போயிருக்குமோ என்று கையைக் கழுவிக் கழுவித் தோல் வெளுத்துவிட்டது.

சற்றுமுன் தையல்காரம்மா தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். “அந்தப் பஞ்சு மாதிரி இருக்குமே, அதைக் கொஞ்சம் காட்டுங்களேன். இவ நம்ப மாட்டேங்கறா.”

“காட்ட முடியாதும்மா,” என்றேன்.

“நீங்களா சொல்றீங்க?”

தங்கை முகம் சுளித்தாள். இருவரும் ஒன்றும் வாங்காமல் படியிறங்கினார்கள். முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. பூட்டிய கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, நான் கூப்பிடாமல் நின்றேன்.