பிள்ளைத்தாய்ச்சி மடு

"அந்தக் கதைய மட்டும் மைக்ல சொல்லாதக்கா, சிரிப்பாங்க" என்று ரூத் சுகிர்தத்திடம் மூன்று முறை சொல்லியிருந்தாள்.

ரூத் ராயபுரத்துக்காரி, பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. எண்ணூர் கழிமுகத்தின் குறுக்கே ஒரு கம்பெனி குழாய் போடப் போகிறது என்று தெரிந்ததும், மனு எழுதிக் கொடுக்க அங்குள்ள மீனவக் குப்பத்துக்கு வந்தவள். சுகிர்தம் முப்பது வருடமாகக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிப்பவள்.

குழாய் போகிற வழியில்தான் பிள்ளைத்தாய்ச்சி மடு இருந்தது. கடலுக்குப் போன புருஷனைத் தேடித் தண்ணீரில் இறங்கிய நிறைமாதக்காரி ஒருத்தி அங்கே பிள்ளை பெற்றாளாம். தாயும் பிள்ளையும் சேற்றுக்குள் போய்விட்டார்களாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவள் திரும்பி வந்து பிரசவிக்கிறாள் என்று அந்த இரண்டு மாதமும் மடுவில் யாரும் கை வைப்பதில்லை. அதே இரண்டு மாதத்தில்தான் இறால் குஞ்சுகள் அந்தச் சேற்றில் வளர்கின்றன. ரூத் அதை அளந்து, ஒரு பக்கம் முழுக்க எண்களாக எழுதிச் சுகிர்தத்தின் கையில் கொடுத்திருந்தாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம். சுகிர்தம் "ஒரு சதுர மீட்டருக்கு..." என்று ஆரம்பித்து, இரண்டாவது எண்ணிலேயே தடுமாறினாள். முன்வரிசையில் கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கதையைச் சொல்லத் தொடங்கினாள். மண்டபம் அடங்கிப்போனது. வாசலில் நின்ற போலீஸ்காரிகூட உள்ளே எட்டிப் பார்த்தாள். நிறைமாதக்காரிக்கு வலி எடுக்கும் இடத்தில் மூன்று நிமிடம் முடிந்த மணி அடித்தது.

"அம்மா, இது கருத்து கேக்கற கூட்டம், கதை கேக்கற கூட்டம் இல்ல" என்றார் அதிகாரி. "அடுத்தது யாரு?"

வெளியே வந்ததும் ரூத் வெடித்தாள். "எவ்ளோ சொன்னேன்க்கா! நம்பரைப் படிச்சிருந்தா குறிப்புல எழுதியிருப்பாங்க."

"உன் நம்பரு உன் வாய்ல வரும். என் வாய்ல இன்னா வருமோ அதான் வரும்."

"நெஜமாவே அவ அங்க இருக்கான்னு நம்புறியா?"

சுகிர்தம் அவளை முறைத்தாள். "நான் பாத்ததில்ல. ஆனா அவ இல்லாங்காட்டி, பசியோட கீறவன ரெண்டு மாசம் எவன் நிறுத்துவான்? உன் பேப்பரா?"

 இத்தனை படித்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று ரூத்துக்கு எரிச்சலாக இருந்தது.

பத்து நாளில் கூட்டக் குறிப்பு வந்தது. 'திருமதி சுகிர்தம் மத நம்பிக்கை குறித்துப் பேசினார். திட்டத்துக்குத் தொடர்பில்லை.' ரூத் மறுப்பு எழுதினாள். இந்த முறை கதையை முழுதாக எழுதி, பக்கத்திலேயே எண்களையும் போட்டாள். அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். ஐந்து தடவை போன் செய்தாள். ஐந்து தடவையும் "மேல அனுப்பிட்டோம் மேடம்" என்றார்கள்.

புரட்டாசியில் சர்வே ஆட்கள் வந்து மடுவின் நடுவே சிவப்புக்கொடிக் கம்புகளை நட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் குப்பமே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான குப்பத்து மீனவன் ஃப்ரெடி, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சின்னக் கண்ணி வலையோடு மடுவில் இறங்கினான். சுகிர்தம் முழங்கால் தண்ணீரில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

"அவ போய்ட்டாக்கா!" என்றான் ஃப்ரெடி. "கம்பு நட்ட அன்னிக்கே போய்ட்டா. எப்டியும் மண்ணு கொட்டி மூடப் போறானுங்க. அதுக்குள்ள நாமளாவது வாரிக்குவோம்."

நகக்கண் அளவுக் குஞ்சுகள் கூடை கூடையாக வந்தன. ஒன்பதாம் நாள் வலையில் சேறு மட்டும் வந்தது.

சனிக்கிழமை ரூத் வந்தபோது சுகிர்தம் கரையில் உட்கார்ந்திருந்தாள். ஃப்ரெடி சொன்னதை அப்படியே சொன்னாள். ஃப்ரெடியை நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று ரூத் அவன் வீட்டு வாசல்வரை போனாள். அவன் சொன்னதில் எது தப்பு என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படாமல், வந்த வழியே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.