அவன் முறை

தம்பியின் தகனம் முடிந்து வந்தவர்கள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் தம்பி மனைவி கார் சாவியும் கையுமாக வாசலில் நின்றாள். காலையிலிருந்தே அவள் ஓரிடத்தில் இருக்கவில்லை. கண்ணில் பொட்டுத் தண்ணீரும் வரவில்லை. அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“லேபுக்குக்கா. ரிப்பேருக்காக சாயங்காலம் ஃப்ரிட்ஜ நிறுத்திடுவாங்க.”

“என் தம்பி போயி ரெண்டு நாள் ஆகல. ஃப்ரிட்ஜாம்!”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவளைத் தனியாக ஓட்டவிட மனம் வரவில்லை. சாவியைப் பிடுங்கி அக்காவே வண்டியை எடுத்தாள்.

அந்த ஃப்ரிட்ஜ் கூரையிலிருந்து தொங்கும் ஓர் உலோகப் பீப்பாய். விண்வெளியைவிட உள்ளே குளிர் அதிகம். குவாண்டம் கணினிக்கான சிப்புகள் அந்தக் குளிரில்தான் வேலை செய்யும். புருஷன் சிலிக்கானில் சிப் செய்யும் கட்சி, பெண்டாட்டி மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் மீக்கடத்தியில் செய்யும் கட்சி. மற்ற வீடுகளில் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், இவர்கள் இந்தப் பீப்பாய்க்கு. அவன் சிப்புக்குக் காந்தப்புலம் வேண்டும். காந்தத்தைப் போட்டால் அவளுடையது படுத்துவிடும். அதனால் முறை வைத்து ஓட்டினார்கள். “காந்தத்த கண்ணுலயே காட்ட மாட்டேங்குறாக்கா,” என்று போன வாரம்கூடத் தம்பி சிரித்தான். இந்த வாரம் அவள் முறை. நேற்று வேலை மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவே இல்லை.

லேபில் பம்ப் இரைந்துகொண்டிருந்தது. பொறியாளர் பதறி எழுந்தார்.

“இதுக்காகவா வந்தீங்க மேடம்? உங்க அளவீடு நல்லா ஓடுது. நிறுத்துறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

ஆக, இவ்வளவு பறப்பும் இதற்குத்தான். “உனக்கு உன் வேலதான் பெரிசா போச்சு,” என்றாள் அக்கா.

அவள் அக்காவைப் பார்க்கவில்லை. “என்னுத நிறுத்துங்க சார். காந்தத்த ஏத்தணும்.”

“மேடம், இத விட்டா வேற யாராவது முந்திடுவாங்க.”

“முந்தட்டும். என்னுத மறுபடி குளிர வச்சு முதல்லேர்ந்து அளந்துக்கலாம்.” பிறகுதான் அக்கா பக்கம் திரும்பினாள். “உங்க தம்பி அந்தச் சிப்புக்குள்ள ஒரே ஒரு எலக்ட்ரான புடிச்சு வச்சிருக்காருக்கா. மாசக்கணக்கா மல்லுக்கட்டிப் புடிச்சாரு. ஃப்ரிட்ஜ் நின்னு சூடானா அது போயிடும், அதுக்குள்ள அளந்துடணும். திரும்பக் குளிர வச்சாலும் உள்ள எல்லாம் மாறியிருக்கும். மறுபடி புடிக்கணும்னா அவர்தான் வரணும்.”

அக்காவுக்குத் தன் வாயை நினைத்து வெட்கமாக இருந்தது.

தம்பி மனைவி அவன் நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஆனால் உட்காரவில்லை. நின்றபடியே அவன் எழுதி வைத்திருந்த ப்ரோகிராமை ஓடவிட்டாள். காந்தப்புலம் மெல்ல ஏறியது. பக்கத்துத் திரையில் அவளுடைய கோடு நடுங்கி, கிறுக்கலாகி, ஒன்றுமில்லாமல் போனது. அந்தப் பக்கம் அவள் தலையைத் திருப்பவே இல்லை. அவன் திரையில் ஒவ்வொரு புள்ளியாக விழத் தொடங்கியது.

அக்காவின் போன் அடித்தது. அப்பா.

“எங்கம்மா போனீங்க ரெண்டு பேரும்? வீடு நெறைய ஆளுங்க.”

“லேப்ல இருக்கோம்ப்பா,” என்றாள் அக்கா. “தம்பிக்கு இன்னும் கொஞ்சம் வேல பாக்கி இருக்கு. முடிச்சதும் வந்துடறோம்.”